ஏழு வாசல் பட்டணமும் ஒரு மூன்று சக்கர வண்டியும்

என் வயதொத்தவர்களே, காலையில் பிரஷர் மாத்திரை, சாப்பாட்டுக்கு முன்னால் சர்க்கரை மாத்திரை என்று பொழுதைப் பங்குபோட்டுக் கொண்டவர்களே, கொஞ்சம் உட்காருங்கள். உங்களில் பாதிப் பேர் என்னை வீரன் என்று நம்பிக்கொண்டிருக்கிறீர்கள். மீதிப் பேருக்கு என்னைத் தெரியாது. அவர்கள் கொடுத்து வைத்தவர்கள்.

என் வீட்டில் போன வாரம் வரைக்கும் ஒரு எவர்சில்வர் டம்ளர் இருந்தது. அதன் வயிற்றில் புள்ளி புள்ளியாக 'வீரச் சிறுவனுக்கு, தெரு நலச் சங்கம்' என்று வெட்டியிருக்கும். என் மனைவி எனக்கு மோர் கொடுத்தது அதில்தான். பல்லி விழுந்தால் நாற்காலி மேல் ஏறுகிற ஆளுக்கு அந்த டம்ளரில் மோர் கொடுப்பதில் அவளுக்கு ஒரு தனிச் சந்தோஷம். நாற்பது வருஷமாக அதை யாராவது திருடிக்கொண்டு போகட்டும் என்று பார்த்தேன். பழைய இரும்பு, பேப்பர்க்காரன்கூட ஒருமுறை கையில் வாங்கிப் படித்துவிட்டு, "பரிசு சார் இது, வெச்சிக்கோங்க" என்று திருப்பிக் கொடுத்துவிட்டான்.

அந்த டம்ளர் எனக்கு எப்படி வந்தது என்பதைச் சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

திருவொற்றியூரைத் தாண்டி எண்ணூர் போகிற ஹைரோட்டில், மேற்கே தொழிற்சாலை, கிழக்கே கடல், நடுவே எங்கள் தெரு. தெருவின் ஒரு முனையில் லாரிகள், மறுமுனையில் அலை. கடல் வருஷத்துக்கு ஒரு வீட்டைக் கேட்டுக்கொண்டிருந்ததால் அந்த முனையில் பாறாங்கல்லாகக் கொட்டி வைத்திருந்தார்கள். தெருவில் எந்த வீட்டிலும் சுவர்க் கடிகாரத்தை யாரும் நம்பியதில்லை. தொழிற்சாலைச் சங்குதான் கடிகாரம். சங்கு ஊதினால் உலை வைப்பார்கள், சங்கு ஊதினால் பள்ளிக்கூடம் கிளம்புவோம். ஒருமுறை ஊதி நின்றால் ஷிப்ட் மாறுகிறது. விட்டு விட்டு மூன்று முறை ஊதினால் உள்ளே தீ. நிற்காமல் ஊதிக்கொண்டே இருந்தால் வாயு.

வாயு என்றால் என்ன செய்ய வேண்டும் என்பது எங்கள் பக்கத்துப் பிள்ளைகளுக்கு 'அம்மா', 'அப்பா'வுக்கு அடுத்த பாடம். துணியை நனைத்து மூக்கில் கட்டு. சிம்னியைப் பார். புகை எந்தப் பக்கம் சாய்கிறதோ அந்தப் பக்கம் போகாதே. தொழிற்சாலை எதிரில் இருந்தாலும் பரவாயில்லை, காற்றுக்கு எதிராகப் போய் ஹைரோடு ஏறு. வெளியூரிலிருந்து குடிவந்த பிள்ளைகளுக்கு இதை வகுப்பு எடுப்பவன் நான்தான். பாறாங்கல் மேல் ஏறி நின்று, இடுப்பில் கை வைத்துக்கொண்டு, "பயப்படாம சிம்னிய பாக்கணும், புரிஞ்சுதா?" என்று கேட்பேன். அப்போது எனக்குப் பதினோரு வயது. தெருவில் என் பெயர் குண்டு.

தெருவின் நடுவீட்டில் ஓர் அக்கா இருந்தாள். என்னைவிட ஆறேழு வயது மூத்தவள். சின்ன வயதில் வந்த காய்ச்சலில் இரண்டு காலும் சூம்பிப் போனவை. அவள் அப்பா ஹார்பரில் டாலி கிளார்க், அதாவது கப்பலில் இருந்து இறங்குகிற மூட்டைகளை எண்ணிக் கோடு போடுகிறவர். எங்களுக்கு டாலி மாமா. அம்மா காசிமேட்டில் இறால் உரிக்கப் போவார். அக்காவுக்குச் சர்ச்சில் சொல்லி ஒரு மூன்று சக்கர வண்டி வாங்கியிருந்தார்கள். கையால் சுற்றுகிற பெடல், அதன் பிடியில் சிவப்பு சைக்கிள் ட்யூப் சுற்றியிருக்கும். வெயிலில் அந்த ரப்பர் சூடேறி ஒரு வாசனை வரும். அந்த வாசனை இன்றைக்கும் பஞ்சர் கடையைத் தாண்டும்போது வந்தால் நான் எதிர்ப்பக்கம் போய்விடுவேன்.

டாலி மாமா வேண்டாத டாலித் தாள்களைக் கட்டுக் கட்டாகக் கொண்டுவருவார். முன்பக்கம் கட்டம் கட்டமாக மூட்டைக் கணக்கு, பின்பக்கம் வெள்ளை. சணலும் பாமாயிலும் மணக்கும். அந்த வெள்ளைப் பக்கத்தில் அக்கா ஒரு நாவல் எழுதிக்கொண்டிருந்தாள். சனிக்கிழமை மத்தியானம் நான் அவளை வண்டியில் வைத்துப் பாறாங்கல் வரைக்கும் தள்ளிக்கொண்டு போவேன். தெருப் பிள்ளைகள் பத்துப் பன்னிரண்டு பேர் கல்லுக்கு ஒருவராக உட்காருவோம். அந்த வாரம் எழுதியதை அக்கா படிப்பாள்.

கதை இதுதான். ஏழு வாசல் உள்ள ஒரு பட்டணம். அதைச் சுற்றி மஞ்சள் படை வந்து இறங்கிவிட்டது. அந்தப் படையில் ஒருவனுக்கும் முகம் கிடையாது. தலைக்கவசத்துக்குள்ளே வெறும் ஆவிதான். அவர்கள் நடந்த இடத்தில் புல் துருப்பிடிக்கும். பட்டணத்து வீரர்கள் எல்லோரும் செத்துவிட்டார்கள். முற்றுகையில் குதிரைகளை எல்லாம் அவித்துத் தின்றாயிற்று. மிஞ்சியது ஒரே ஒரு குதிரை. அது நடக்கமுடியாத ராணியின் வயசான குதிரை. இனிப் பட்டணத்தைக் காப்பாற்ற வேண்டியவன் யார் தெரியுமா? வாசல் கதவுகளின் கீலுக்கு எண்ணெய் விடுகிறவன். குண்டன். இடி இடித்தால் கட்டிலுக்கு அடியில் போகிறவன். ஆனால் ஏழு கதவில் எது கிறீச்சிட்டாலும் சத்தத்தை வைத்தே இது மூன்றாம் வாசல், இது ஐந்தாம் வாசல் என்று சொல்லிவிடுவான். எதிரி எந்த வாசலைத் தொட்டாலும் அவன் காதுக்குத் தெரியும்.

கதையில் வருகிற எல்லோரும் தெருவில் இருக்கிற யாரையாவது பார்த்து எழுதியது என்று அக்கா சொல்லியிருந்தாள். கஞ்சனான மந்திரி எங்கள் தெரு நலச் சங்கத் தலைவர் என்பது ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்கே தெரிந்தது. எண்ணெய்க்காரன் மட்டும் யார் என்று சொல்ல மாட்டாள்.

"எக்கா, அது நான்தானே?" என்று வாரா வாரம் வண்டி தள்ளும்போது கேட்பேன்.

"இன்னாத்துக்குடா உனக்கு அவசரம்? முடிவுல சொல்றேன்."

"குண்டா கீறான்னு எழுதிகீறியே. தெருவுல வேற எவன் குண்டு?"

"சங்கத் தலைவர்கூட குண்டுதான். வாய மூடிகினு தள்ளு."

ஹைரோட்டு முனையில் மளிகைக் கடை வைத்திருந்த பாயிடம் போய், "நான்தான் ஹீரோ" என்று தம்பட்டம் அடிப்பேன். பாய் வெல்லத்தை உடைத்து ஒரு துண்டு கொடுப்பார். "ஹீரோ சாப், முதல்ல மூக்கத் தொடைங்க" என்பார்.

நான் சொல்ல வந்த நாள் பெரிய லீவில் ஒரு சனிக்கிழமை. கடல் காற்று இன்னும் ஏறவில்லை. மேல்காற்று. தொழிற்சாலைப் பக்கமிருந்து கடலைப் பார்த்து அனல் அடித்துக்கொண்டிருந்தது. அக்கா வாசற்படியில் உட்கார்ந்து தாள்களை அடுக்கிக்கொண்டிருந்தாள். இன்னும் கொஞ்ச நேரத்தில் கிளம்ப வேண்டும். நான் வண்டியில் ஏறி உட்கார்ந்து, ராணியின் குதிரை என்று சொல்லிக்கொண்டு, பிரேக் போட்டபடியே பெடலைச் சுற்றப் பார்த்து விளையாடிக்கொண்டிருந்தேன்.

சங்கு ஊதியது. ஷிப்ட் சங்கு. ஆனால் நிற்கவில்லை.

முதலில் யாரும் அசையவில்லை. உலைக்கு அரிசி களைந்த கை அப்படியே நிற்கிறது. இப்போது நிற்கும், இப்போது நிற்கும் என்று தெருவே காதைத் தீட்டிக்கொண்டு காத்திருந்தது. நிற்கவில்லை. அப்புறம் ஒரு கதவு, ஒரு குடம், ஒரு குழந்தை, எல்லாம் ஒரே சமயத்தில். "கேஸ்! கேஸ்!" என்று யாரோ கத்தியதும் மொத்தத் தெருவும் ஈரத்துணியோடு ஹைரோட்டைப் பார்த்து ஓடியது. சிம்னியைப் பார்த்தார்கள், புகை கடலைப் பார்த்துச் சாய்ந்திருந்தது, காற்றுக்கு எதிராக ஓடினார்கள். பாடம் தெரிந்தவர்கள்.

வாத்தியார் என்ன செய்தார் என்று கேளுங்கள்.

தொழிற்சாலை மேற்கே இருக்கிறது, வாயு மேற்கேயிருந்துதான் வரும், ஆகவே கிழக்கே ஓடு. என் மூளை அவ்வளவுதான் வேலை செய்தது. சிம்னி என்று ஒன்று உலகத்தில் இருப்பதே மறந்துபோயிற்று. சரி, ஓடுவதானால் இறங்கி ஓடியிருக்கலாம். ஒரு பதினோரு வயதுப் பையன், எவ்வளவு குண்டாக இருந்தாலும், அந்த வண்டியைவிட வேகமாக ஓடுவான். எனக்கு அதுவும் தோன்றவில்லை. என் பின்பக்கம் அந்த ரெக்சின் சீட்டோடு ஒட்டிக்கொண்டது. இரண்டு கையாலும் பெடலைச் சுற்றுகிறேன். வண்டி நகரவில்லை. 'அம்மா, அம்மா' என்று சொல்லிக்கொண்டே சுற்றுகிறேன். நகரவில்லை.

அக்கா வாசற்படியிலிருந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். எங்கள் இரண்டு பேருக்கும் நடுவே நான்கு முழம் இருக்கும்.

"டேய்," என்றாள். கத்தவில்லை. "மொதல்ல பிரேக்க எடு."

எடுத்தேன். போனேன்.

போனேன் என்றால், அவளுடைய வண்டியில், அவளை விட்டுவிட்டு, கடலைப் பார்த்துப் போனேன். திரும்பிப் பார்க்கவில்லை. இதை எழுதும்போதுகூட ஏதாவது ஒரு கோமாளித்தனம் சொல்லி உங்களைச் சிரிக்க வைக்க முடியுமா என்று பார்க்கிறேன். அந்த நான்கு முழத்துக்கு மட்டும் சிரிப்பு கிடைக்கவில்லை.

பாறாங்கல் பக்கம் போய்ச் சேர்ந்தபோது அங்கே ஒரே ஒருவர்தான் இருந்தார். வலை பிரித்துக்கொண்டிருந்த மீனவர். அவர் அப்போதுதான் வலையைச் சுருட்டி எழுந்துகொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் கையில் இருந்த மிதவைக் கட்டையால் அடிக்க வந்தார்.

"அறிவு கீதாடா உனக்கு? காத்து எந்தப் பக்கம் அடிக்குது, நீ எந்தப் பக்கம் வர்றே? பொகையப் பாரு! அத்தினி கேஸும் இங்கதான்டா வரும்! திரும்பு, ஹைரோட்டாண்ட ஓடு!"

சொல்லிவிட்டு அவர் கரையோரமாக வடக்கே ஓடினார். நான் வண்டியைத் திருப்பினேன். வந்த வழியே மறுபடியும் சுற்றினேன். தெரு காலி. ஒரு கோழி, ஒரு கவிழ்ந்த வாளி, ஒற்றைச் செருப்புகள். அக்கா வீட்டு வாசற்படி வருகிறது என்று தெரிந்தது. தலையைக் குனிந்துகொண்டேன். முன் சக்கரத்தை மட்டும் பார்த்தேன்.

இப்போது நன்றாகக் கேட்டுக்கொள்ளுங்கள். நான் நிற்கிறதாக இல்லை.

"அல்லாவே! வண்டி வந்துடுச்சு!"

பாயின் குரல். அக்காவின் பக்கத்து வீட்டு வாசலில் நின்றுகொண்டு, கைலியை மடித்துக் கட்டிய கோலத்தில், மூச்சு வாங்கிக்கொண்டு இருந்தார். தெருவே ஹைரோட்டைப் பார்த்து ஓடியபோது அக்காவின் நினைவு வந்து கூட்டத்துக்கு எதிராக உள்ளே வந்த ஒரே ஆள் அவர்தான். ஹைரோட்டுக்காரர், பேசாமல் ஷட்டரை இழுத்துவிட்டுப் போயிருக்கலாம்.

"சபாஷ்டா பையா! வண்டிய எடுத்துகினு வந்துட்டியே! என்னால தூக்கிகினு ஓட முடியாதுன்னு பாத்தேன். எறங்கு, எறங்கு!"

அவரே என்னை இறக்கினார். அந்தப் பக்கத்து வீட்டுக்குள் அக்கா இருந்தாள். தரையில், தண்ணீர்ப் பானைக்குப் பக்கத்தில். மடியில் அந்த வீட்டு எட்டு மாசக் குழந்தை. நனைத்த தாவணியின் ஒரு முனை குழந்தையின் முகத்தில், மறுமுனை அவள் மூக்கில்.

குழந்தையின் அம்மா அதைத் தூளியில் தூங்கவைத்துவிட்டு ரேஷன் கடைக்குப் போயிருந்தாள். நான் கடலைப் பார்த்துப் போன நேரத்தில் அக்காவுக்குக் குழந்தையின் அழுகை கேட்டிருக்கிறது. வாசற்படியிலிருந்து இறங்கி, கொதிக்கிற சிமென்ட்டில் தவழ்ந்து பக்கத்து வீட்டுக்குள் போயிருக்கிறாள். எழுந்து நிற்க முடியாதவள், தூளியின் அடியைப் பிடித்துச் சாய்த்து, குழந்தையை மடியில் உருட்டி வாங்கி, அப்படியே பின்பக்கமாக நகர்ந்து பானையிடம் போயிருக்கிறாள். இதையெல்லாம் யாரும் எனக்குச் சொல்லவில்லை. பாய் அவளைத் தூக்கி வண்டியில் வைத்தபோது அவள் இரண்டு முழங்காலிலும் தோல் இல்லை. பாவாடை அந்த இடத்தில் ஒட்டிப்போயிருந்தது. தரையில் கோடு போட்ட மாதிரி தடம். அதைப் பார்த்தவன் நான் ஒருத்தன்தான். பாய்க்கு என்னைப் பாராட்டவே நேரம் சரியாக இருந்தது.

அவர் பின்னாலிருந்து தள்ள, நான் பக்கத்தில் ஓட, ஹைரோடு போய்ச் சேர்ந்தோம். வழி நெடுக அக்கா என்னைப் பார்க்கவே இல்லை. லாரியில் ஏறியிருந்த கூட்டத்தைப் பார்த்துப் பாய் கத்தினார்: "எல்லாரும் வுட்டுட்டு வந்துட்டீங்க! இந்தப் பையன் ஒருத்தன் வண்டியோட திரும்பி வந்தான்யா!"

என் அம்மா லாரியிலிருந்து குதித்து என்னைக் கட்டிக்கொண்டாள். நான் அழுதேன். அதையும் அடக்கம் என்று எடுத்துக்கொண்டார்கள்.

கொஞ்ச நேரத்தில் சங்கு நின்றது. தொழிற்சாலை வாசலிலிருந்து ஒருவர் சைக்கிளில் வந்து சொன்னார். வாயு எதுவும் கசியவில்லை. ஷிப்ட் சங்கின் சுவிட்ச் உள்ளேயே மாட்டிக்கொண்டதாம்.

இந்த இடத்தில்தான் எங்கள் தெருப் பெரியவர்களை நீங்கள் புரிந்துகொள்ள வேண்டும். வேட்டி அவிழ ஓடியவர்கள், மாமியாரை மறந்து மிக்சியைத் தூக்கிக்கொண்டு ஓடியவர்கள், இவர்களிடம் போய் ஒன்றுமே இல்லை என்றால்? யாரும் ஒப்புக்கொள்ளவில்லை. "எனக்கு அழுகின முட்ட வாட வந்துச்சு" என்றார் ஒருவர். "முட்ட இல்ல, பிளீச்சிங் பவுடரு" என்றார் இன்னொருவர். சங்கத் தலைவர் பூண்டு என்றார். ஒரு வாரம் இந்தச் சண்டை நடந்தது. கடைசியில் எல்லோருக்கும் ஒரு வழி கிடைத்தது. ஒரு வீரனைக் கண்டுபிடித்துவிட்டால் ஓட்டத்துக்கும் ஒரு கௌரவம் வந்துவிடும். வீரன் இருந்தால் ஆபத்தும் இருந்திருக்கத்தானே வேண்டும்?

ஞாயிற்றுக்கிழமை பந்தல் போட்டு, மைக் செட் வைத்து, எனக்கு டம்ளர் கொடுத்தார்கள். பாய்க்கு ஒன்றும் இல்லை. அவர்தான் எல்லோரையும்விடப் பலமாகக் கைதட்டினார்.

அக்காவுக்குக் கிடைத்தது வேறு. குழந்தையின் முழங்கையில் ஒரு சிராய்ப்பு இருந்தது. தூளியிலிருந்து உருட்டி வாங்கியபோது சிமென்ட்டில் பட்டது. அதன் அம்மா அக்காவின் வாசலில் வந்து நின்றுகொண்டு தெருவுக்கே கேட்கிற மாதிரிக் கத்தினாள்.

"தூங்கிகினு இருந்த கொயந்தைய உன்ன யாரு எறக்கச் சொன்னது? நீயே தவழ்ந்துகினு கீறே, எங் கொயந்தையக் கீழ போட்டுட்டா யாரு பதில் சொல்றது? கேஸும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல!"

வாயு இல்லாததால் அக்கா செய்தது அசட்டுத்தனம். வாயு இல்லாதபோதும் நான் செய்தது வீரம். அக்கா பாவாடையை முழங்கால்மேல் இழுத்து விட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நான் எதிர் வீட்டுச் சுவரோரம் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தேன். வாயைத் திறந்திருந்தால் மூன்று வார்த்தை போதும்.

மூன்று சனிக்கிழமை அவள் படிக்கவில்லை. எனக்கு அந்த மூன்று வாரமும் வயிற்றுப்போக்கு. சாப்பாட்டில் கோளாறு என்று அம்மா ஓமத் தண்ணீர் கொடுத்தாள். கோளாறு சாப்பாட்டில் இல்லை. அக்கா அந்த நாவலில் என்னை என்ன செய்யப் போகிறாள் என்பதுதான் கோளாறு. கஞ்சன் மந்திரியைக் கண்டுபிடித்த பிள்ளைகள், ஓடுகாலியைக் கண்டுபிடிக்காமலா இருப்பார்கள்?

நான்காவது சனிக்கிழமை டாலி மாமாவே வந்து சொன்னார். "நைனா, இன்னிக்கு முடிவு படிக்கிறாளாம். வந்து வண்டியத் தள்ளு."

தள்ளினேன். கல்லுக்கு ஒருவராக உட்கார்ந்தோம். அக்கா படித்தாள். மஞ்சள் படை ஆறு வாசலை உடைத்துவிட்டது. ஏழாம் வாசலின் கீல் கிறீச்சிடுகிறது. எண்ணெய்க்காரன் காதைப் பொத்திக்கொள்கிறான். பிறகு... அவள் நிறுத்தித் தாளைத் திருப்பினாள்... பிறகு அவன் லாயத்துக்குப் போய், பட்டணத்தின் ஒரே குதிரையை, நடக்கமுடியாத ராணியின் குதிரையை, அவிழ்த்துக்கொண்டு ஓடிவிட்டான்.

பிள்ளைகள் "ஐயே!" என்று கத்தினார்கள். நான் ஒரு கல்லின் சந்தில் இருந்த நண்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். நண்டுக்கு ஒளிந்துகொள்ள ஓர் ஓட்டை இருந்தது.

அக்கா தொடர்ந்து படித்தாள். ஓடியவன் திரும்பி வந்தான். ராணியைக் குதிரையில் ஏற்றினான். எண்ணெயைத் தரையெல்லாம் கொட்டி வைத்தான். முகமில்லாத படை ஏழாம் வாசலில் வழுக்கி, ஒன்றின்மேல் ஒன்றாக விழுந்து, ஆவியாகப் போயிற்று. பட்டணம் பிழைத்தது.

பிள்ளைகள் குதித்தார்கள். பாயின் மகள் மட்டும் குதிக்கவில்லை. எதற்கும் ஒரு கேள்வி வைத்திருக்கிற பெண் அவள்.

"ஏங்க்கா, ஓடினவன் ஏன் திரும்பி வந்தான்?"

அக்கா தாள்களைத் தட்டி அடுக்கினாள்.

"அது அவனுக்குத்தான் தெரியும்."

திரும்பித் தள்ளிக்கொண்டு போய் வீட்டு வாசலில் விட்டபோது, கட்டின் கடைசித் தாளை உருவி என் கையில் கொடுத்தாள். முன்பக்கம் மூட்டைக் கணக்குக் கட்டம். பின்பக்கம் வெறுமை.

"கடைசிப் பக்கம். ஏன் திரும்பினான்னு நீ எய்தி எடுத்துகினு வா. அப்பால அந்தக் குண்டன் யாருன்னு நான் சொல்றேன்."

முதல் ஓட்டத்தையாவது பயம் என்று தள்ளிவிடலாம். பதினோரு வயது, சங்கு, எல்லாம் சொல்லலாம். இரண்டாவது ஓட்டத்துக்கு ஒரு சாக்கும் இல்லை. தாளை டம்ளர் வந்த அட்டைப்பெட்டிக்குள் போட்டேன். அடுத்த சனிக்கிழமை கால் வலி என்றேன். அதற்கடுத்தது டியூஷன் என்றேன். வீரச் சிறுவனே தள்ளாத வண்டியை மற்றப் பிள்ளைகளும் தள்ளவில்லை. அக்கா பாறாங்கல்லுக்கு வருவது நின்றது. சனிக்கிழமைகளில் அவள் வாசற்படியில் உட்கார்ந்திருப்பதைத் தவிர்க்க நான் பின்சந்து வழியாகச் சுற்றிப் போனேன். ஏழு வாசல் பட்டணம் மஞ்சள் படையிடம் விழவில்லை. என் பின்சந்தில்தான் விழுந்தது.

அப்புறம் கடல் பாறாங்கல்லைத் தாண்டி வந்து தெருவில் பாதியைக் கேட்டு வாங்கிக்கொண்டது. அவரவர் ஒரு பக்கம் போனோம்.

இத்தனை வருஷம் கழித்து இதை ஏன் இப்போது எழுதுகிறேன் என்றால், போன வாரம் அந்த எட்டு மாசக் குழந்தை என் வீட்டுக்கு வந்தது. குழந்தைக்கு இப்போது காதோரம் நரை. மகளுக்கு நிச்சயதார்த்தம், பத்திரிகை கொடுக்க வந்தாள்.

"அண்ணே, நீங்கதானே கேஸ் வந்தப்போ என்னத் தூளியிலேர்ந்து தூக்கிகினு ஓடினீங்களாம்? அம்மா சாகிற வரிக்கும் சொல்லிகினே இருந்துச்சு."

பாருங்கள், வதந்தி எனக்கு வட்டி போட்டு வளர்த்திருக்கிறது. வாயுவும் வந்துவிட்டது, குழந்தையையும் நானே தூக்கிவிட்டேன்.

"அக்காவும் வருது. ராயபுரத்துல கீது, போய்ச் சொல்லிட்டேன். உங்க ரெண்டு பேரையும் மேடையில ஒண்ணா உக்கார வெச்சி உங்களுக்குப் பொன்னாட போத்தணும்."

என் மனைவி பெருமையாக அந்த டம்ளரிலேயே அவளுக்கு மோர் கொண்டுவந்து கொடுத்தாள். நான் "சரிம்மா" என்றேன். மறுபடியும்! ஐம்பது வயதைத் தாண்டியும்!

மறுநாள் காலையில் அட்டைப்பெட்டியைத் தேடி எடுத்தேன். தாள் பழுத்து, மடிப்பில் கிழிந்திருந்தது. எழுதினேன். மூன்று வரிதான். ஷேர் ஆட்டோ பிடித்து ராயபுரம் போனேன்.

சர்ச்சுக்குப் பின்னால் ஒரு சந்தில், தரைத்தளத்தில், சக்கர நாற்காலியில் உட்கார்ந்து பிள்ளைகளுக்கு டியூஷன் எடுத்துக்கொண்டிருந்தாள். முடி முழுக்க வெள்ளை. கண்ணாடியை மூக்கின் நுனிக்கு இறக்கிப் பார்த்தாள்.

"இன்னாடா குண்டு, கால் வலி போச்சா?"

நாற்பது வருஷத்துக்கு முந்தைய சாக்கை அவள் மறக்கவில்லை. பிள்ளைகளை அனுப்பிவிட்டாள். நான் தாளைக் கொடுத்தேன். சத்தமாகப் படித்தாள்.

"காற்று கடலைப் பார்த்து அடித்தது. அதனால்தான் திரும்பினான். ராணியின் வாசலில் நிற்பதாக இல்லை."

படித்துவிட்டு மடியில் வைத்துக்கொண்டாள்.

"எய்த்து இன்னும் அதே கோழிக் கிறுக்கல்தான்."

"எக்கா..."

"தெரியும்டா. கதவு வழியா பாத்தேன், தலையக் குனிஞ்சிகினு வந்தே. நிக்கறவன் அப்பிடி வரமாட்டான்."

"தெரிஞ்சுமா கதையில அவன ராணிய ஏத்த வெச்சே?"

"உன்னப் பாத்துத்தானே எய்த ஆரம்பிச்சேன். பாதியில வேற ஆளுக்கு எங்க போறது?"

இத்தனை வருஷமாகக் கேட்க நினைத்ததைக் கேட்டுவிட்டேன். "அன்னிக்குப் பிரேக்க எடுன்னு சொன்னியே. வண்டிய உங்கிட்ட கொண்டாருவேன்னு நெனச்சு சொன்னியா? இல்ல, இவன் ஓடட்டும்னா?"

அக்கா கண்ணாடியைக் கழற்றி முந்தானையில் துடைத்தாள்.

"அது ராணிக்குத்தான் தெரியும்," என்றாள்.

பிறகு, "மேடையில மைக்கு வெப்பாங்க இல்ல? பொன்னாட போத்தறதுக்கு முன்னால வாங்கு. கொயந்தைய யாரு எறக்கினதுன்னு சொல்லு. பாய் எந்தப் பக்கத்துலேர்ந்து வந்தாருன்னும் சொல்லு. அவரு மவ வருவா, கேக்கட்டும்."

நிச்சயதார்த்தம் வருகிற ஞாயிற்றுக்கிழமை. என் வாய் அன்றைக்கு மைக்கைப் பார்த்ததும் பின்சந்து தேடும் என்று எனக்குத் தெரியும். அதனால்தான் தோழர்களே, இதை முன்னாலேயே எழுதி உங்கள் கையில் கொடுக்கிறேன். நான் அங்கே முழித்துக்கொண்டு நின்றால் உங்களில் யாராவது எழுந்து இதைப் படியுங்கள்.

அன்றைக்குப் பையில் கொண்டுபோயிருந்த டம்ளரை அவள் மேஜையில் வைத்துவிட்டுக் கிளம்பப் பார்த்தேன். வேண்டாம் என்பாள் என்று நினைத்தேன். பென்சில்களை எடுத்து அதில் போட்டாள், வெட்டிய எழுத்து சுவர்ப் பக்கம் இருக்கும்படி திருப்பி வைத்தாள்.

"எங்க ஓட்றே? கடலப் பாத்து மாசக்கணக்காச்சு. தள்ளு."

நாற்காலிக்குப் பின்னால் போய் நின்று இரண்டு கையாலும் தள்ளினேன். நகரவில்லை. இன்னும் பலமாகத் தள்ளினேன்.

அக்கா திரும்பிப் பார்க்கவில்லை. அவள் தோள் குலுங்கியது மட்டும் தெரிந்தது.

"டேய்," என்றாள். "மொதல்ல பிரேக்க எடு."